அல்ட்ராசவுண்ட் விட்டதை எம்.ஆர்.ஐ. பிடிக்கும்... ஆனால் யாருக்கு?

தென்கொரியத் தலைநகர் சியோலில் இருக்கும் ஆசான் மருத்துவ மையத்தில் 2011 நவம்பரில் ஓர் ஆய்வு தொடங்கியது. கல்லீரல் இறுகிச் சுருங்கிய நிலையில், அதாவது சிரோசிஸ் கட்டத்தில் இருந்த 407 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் புற்றுநோய் வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட, ஆபத்து மிகுந்த கூட்டம் இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று சுற்று, ஒவ்வொருவருக்கும் வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். கூடவே ஊசியில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். ஒரே ஆள், ஒரே கல்லீரல், இரண்டு கருவிகள். எது கட்டியைக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

43 பேருக்குப் புற்று இருந்தது. அல்ட்ராசவுண்ட் கண்டுபிடித்தது 12 பேரை, எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது 37 பேரை. இரண்டிலும் தெரிந்தவர்கள் 11 பேர். அல்ட்ராசவுண்டில் மட்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்தவர்கள் 26 பேர். மீதி ஐந்து பேரின் கட்டி இரண்டுக்குமே டிமிக்கி கொடுத்துவிட்டது. இல்லாத புற்றை இருக்கிறது என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பதிலும் எம்.ஆர்.ஐ.தான் குறைவு: அல்ட்ராசவுண்ட் 5.6 சதவிகிதம், எம்.ஆர்.ஐ. 3 சதவிகிதம். 2017-ல் 'ஜாமா ஆன்காலஜி' என்ற மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானபோது, கல்லீரல் டாக்டர்கள் வட்டாரத்தில் இதைப் பேசாதவர்கள் குறைவு.

அப்படியென்றால் இன்றும் ஏன் எல்லா நாடுகளிலும் முதலில் அல்ட்ராசவுண்டுக்கே அனுப்புகிறார்கள்? காசு மட்டும்தான் காரணமா? பாதிக் காரணம் அது. மீதிப் பாதி கொஞ்சம் சிக்கலானது.

அடுத்து யார் என்று தெரிந்த நோய்

பெரும்பாலான புற்றுநோய்களில் அடுத்து யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. கல்லீரலின் சொந்த செல்களிலிருந்து முளைக்கும் புற்று அப்படியல்ல. ஹெபடோசெல்லுலர் கார்சினோமா என்பது அதன் முழுப்பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாக ஹெச்.சி.சி. நல்ல கல்லீரலில் இது திடீரென்று வருவது அபூர்வம். பல ஆண்டுகள் அடிபட்ட கல்லீரலில்தான் வருகிறது. அடிப்பது ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்துகொள்ளும் கொழுப்புக் கல்லீரலாகவும் இருக்கலாம். அடிபட்ட இடத்தில் தழும்பு, தழும்புக்கு நடுவே புதிதாக முளைக்கும் முடிச்சுகள், அந்த முடிச்சுகளில் ஏதோ ஒன்று தடம் மாறினால் புற்று. ஹெபடைடிஸ் பி எப்போதும் இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. சிரோசிஸ் வராத கல்லீரலிலும் அது புற்றை உண்டாக்கும்.

ஆக, யாரைக் கண்காணிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். இருந்தும் 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்று கண்டறியப்பட்டது, சுமார் 7.58 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். கல்லீரல் வலிக்காது. கட்டி ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தும் பசி எடுக்கும், வேலைக்குப் போக முடியும். மஞ்சள் காமாலையோ, வயிற்றில் நீரோ, எடைக் குறைவோ தெரியவரும்போது டாக்டர் கையில் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

சிறியதாக இருக்கும்போது அகப்பட்டால் கதையே வேறு. இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒற்றைக் கட்டி என்றால் ஊசியை உள்ளே செலுத்திச் சூட்டிலேயே பொசுக்கிவிடலாம். கல்லீரல் தாங்குமென்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம். மாற்றுக் கல்லீரல் பெறவும் கட்டிக்கு அளவு வரம்பு உண்டு. 1996-ல் இத்தாலியின் மிலான் நகர அறுவை மருத்துவர் வின்சென்சோ மட்ஸாஃபெரோ குழுவினர் வகுத்த கணக்கு இன்றும் அடிப்படை: ஒரே கட்டி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள், மூன்று கட்டிகள் வரை என்றால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள். அந்த வரம்புக்குள் மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பேர் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். வரம்பைத் தாண்டிவிட்டால் பட்டியலில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

ஆறு மாதக் கணக்கு

ஆறு மாதம் என்பது ஜோசியத்தில் குறித்த கெடு அல்ல. இந்தக் கட்டி இரு மடங்காக ஆக ஏறத்தாழ நான்கைந்து மாதங்கள் பிடிக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லதுதானே என்று பிரான்ஸில் சுமார் 1,280 பேரிடம் சோதித்தார்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் கூடுதலாகத் தெரிந்தன. சிறிய புற்றுகள் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

கண்காணித்தால் உயிர் பிழைக்கிறதா என்பதற்குப் பெரிய சாட்சி சீனாவின் ஷாங்காயிலிருந்து வந்தது. 1990-களில் ஹெபடைடிஸ் பி தொற்றோ நாட்பட்ட கல்லீரல் அழற்சியோ இருந்த 18,816 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும். மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. கண்காணிப்பில் இருந்தவர்களில் கல்லீரல் புற்றால் இறந்தவர்கள் 32 பேர், மற்றவர்களில் 54 பேர். இறப்பு விகிதம் 37 சதவிகிதம் குறைந்தது. இத்தனைக்கும் குறித்த தேதிக்கு ஸ்கேனுக்கு வந்தவர்கள் அறுபது சதவிகிதம்கூட இல்லை. ஆய்வு நடத்திய முறையில் குறைகள் உண்டு என்று நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் உலகின் கண்காணிப்பு விதிகள் எல்லாம் நிற்பது பெரும்பாலும் இந்தக் கல்லின் மேல்தான்.

அல்ட்ராசவுண்டில் என்ன குறை? சிரோசிஸ் கல்லீரல் முழுக்க முடிச்சுகள். நெல்லிக்காய் மூட்டைக்குள் கெட்டுப்போன ஒரு நெல்லிக்காயைத் தொடாமல் தேடுவது எப்படியோ, அப்படித்தான் அங்கே புற்று முடிச்சைத் தேடுவது. கல்லீரலின் மேல்முனை விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. குடலில் வாயு இருந்தால் திரை விழுகிறது. தொப்பை இருந்தால் ஒலியலை உள்ளே போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுகிறது. ஸ்கேன் செய்பவரின் கையும் பொறுமையும் அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டமும்கூட முடிவைத் தீர்மானிக்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கணக்குப்படி, ஆரம்பக் கட்டக் கட்டிகளில் அல்ட்ராசவுண்ட் மட்டும் பிடிப்பது 45 சதவிகிதம், ஏ.எஃப்.பி.யும் சேர்த்தால் 63 சதவிகிதம். வைரஸைவிடக் கொழுப்புக் கல்லீரல் பெருகிவரும் இந்தக் காலத்தில் அல்ட்ராசவுண்டின் பாடு இன்னும் திண்டாட்டம்தான். பருத்த உடலுக்குள்தான் அதற்குக் கண் மங்குகிறது.

ரத்தம் வரும் பாதையில் ஒரு வேவு

எம்.ஆர்.ஐ. ஜெயிப்பது வெறும் தெளிவான படத்தால் அல்ல. கல்லீரலின் ஒரு விசித்திரத்தை அது பயன்படுத்திக்கொள்கிறது.

மற்ற பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் தமனி வழியே மட்டும் வரும். கல்லீரலுக்கு இரண்டு வாசல். முக்கால்வாசி ரத்தம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால்வாசிதான் தமனியிலிருந்து. ஹெச்.சி.சி. கட்டி வளர வளர, சிரையின் தொடர்பை அறுத்துக்கொண்டு தமனியிலிருந்து தனக்கென்று புதுக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. களவாகக் குழாய் இழுத்த அந்த இடத்தில்தான் அது மாட்டிக்கொள்கிறது.

கையில் ஊசி வழியாகக் கடோலினியம் சேர்ந்த மருந்தை ஏற்றுகிறார்கள். "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். முதல் அரை நிமிடத்தில் மருந்து தமனிக்கு வந்துசேர்கிறது. கல்லீரலின் மற்ற பகுதி மங்கலாகக் கிடக்க, கட்டி மட்டும் பளிச்சென்று எரிகிறது. இன்னும் சில வினாடிகள் போனால் போர்ட்டல் சிரையிலும் மருந்து வருகிறது. இப்போது கல்லீரல் முழுவதும் வெளுக்கிறது, கட்டியிலிருந்தோ மருந்து கழுவிக்கொண்டு போய்விட்டதால் அது கறுத்து நிற்கிறது. ரேடியாலஜிஸ்ட்கள் இதை 'வாஷ் அவுட்' என்பார்கள். ஆபத்துள்ள ஒரு கல்லீரலில், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த வெளுப்பும் கறுப்பும் அடுத்தடுத்துத் தெரிந்தால் அநேகமாக வேறு எதுவும் வேண்டியதில்லை. ஊசி குத்தித் திசு எடுக்காமலே புற்று என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். படத்தை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்க அனுமதிக்கும் புற்றுகள் மிகச் சில. அதில் இது ஒன்று.

சியோலில் பயன்படுத்திய மருந்து இன்னொரு வேலையும் செய்யும். காடாக்செட்டிக் அமிலம் என்பது அதன் பெயர். பிரைமோவிஸ்ட் என்ற வணிகப் பெயரில் வருகிறது. உயிரோடு வேலை செய்யும் கல்லீரல் செல்கள் இதை உறிஞ்சிக்கொண்டு, ஏறத்தாழப் பாதியைப் பித்தத்தில் வெளியேற்றுகின்றன. இருபது நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல திசு வெளுத்துத் தெரியும். உறிஞ்சும் குணத்தை இழந்த புற்று செல்கள் கறுத்த ஓட்டையாகத் தெரியும். இவை போதாதென்று, நீர் மூலக்கூறுகள் திசுவுக்குள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன என்று அளக்கும் டிஃப்யூஷன் படமும் உண்டு. செல்கள் நெருக்கியடித்து நிற்கும் கட்டிக்குள் நீர் நகர முடியாது. படத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு ஊசியே தேவையில்லை.

ரத்தப் பாதையைத் தொடரும் இந்த வித்தையை சி.டி. ஸ்கேனும் செய்யும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தொல்லை இல்லை.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எல்.ஆர்.-3, எல்.ஆர்.-5 என்றெல்லாம் போட்டிருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 'லை-ராட்ஸ்' தரவரிசை அது. ஒன்று என்றால் நிச்சயமாக ஆபத்தில்லாதது. ஐந்து என்றால் நிச்சயமாக ஹெச்.சி.சி. மூன்று நடுவில் நிற்பது. புற்று என்று அர்த்தமில்லை, சில மாதங்களில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எண்ணுக்குப் பதிலாக எம் என்று இருந்தால் அநேகமாகப் புற்றுதான், ஆனால் வேறு வகையாக இருக்கலாம். பெரும்பாலும் திசு எடுத்துப் பார்ப்பார்கள். எண்ணை இணையத்தில் தேடிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பங்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

காந்தக் குகைக்கும் எல்லை உண்டு

இனி மறுபக்கம். முழு எம்.ஆர்.ஐ.க்கு முக்கால் மணி நேரம் வரை ஆகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், குகைக்குள் படுத்தால் நெஞ்சு அடைப்பவர்கள், மூச்சைப் பிடிக்க முடியாதவர்கள் ஆகியோருக்குச் சிரமம். காடாக்செட்டிக் மருந்து ஏறியதும் சிலருக்குச் சில வினாடிகள் மூச்சு நிலைகொள்ளாது. முக்கியமான தமனிக் கட்டப் படம் சரியாக அந்த நொடியில் கலங்கிவிடும். கல்லீரல் மிகவும் கெட்டு மஞ்சள் ஏறியிருந்தால் செல்கள் மருந்தை உறிஞ்சுவதே குறைவு. இருபதாவது நிமிடப் படம் உதவாது. கல்லீரல் எவ்வளவுக்கு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு எம்.ஆர்.ஐ.யின் கூர்மையும் குறைகிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும் டாக்டர்கள் கஞ்சர்கள் அல்ல. சியோல் ஆய்வில் புற்று கண்டவர்களில் 86 சதவிகிதம் பேர் மூன்று ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அருமையான எண்தான். ஆனால் அங்கே எல்லோருக்கும் இரண்டு ஸ்கேனும் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்காதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஒப்பிட இன்னொரு பிரிவே இல்லை. முன்னதாகக் கண்டுபிடிப்பது வேறு, சாவைத் தள்ளிப்போடுவது வேறு. எப்படியும் 2020-ல் இறக்கப்போகிற ஒருவருக்கு 2018-க்குப் பதில் 2016-லேயே நோயைச் சொன்னால், அவர் 'நான்கு ஆண்டுகள் பிழைத்தார்' என்று கணக்கு காட்டும். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடியிருக்காது.

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 'பிரீமியம்' என்ற பெயரில் பெரிய ஆய்வு நடக்கிறது. சிரோசிஸ் உள்ள சுமார் 4,700 பேர் என்பது இலக்கு. சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அல்ட்ராசவுண்ட், மறு பிரிவுக்குச் 'சுருக்க எம்.ஆர்.ஐ.' கடைசியில் எண்ணப்போவது கட்டிகளை அல்ல, இறப்புகளை. பிரான்ஸிலும் இதுபோல ஒப்பீடு நடக்கிறது.

சுருக்க எம்.ஆர்.ஐ. என்பது இந்தத் துறையில் நம்பிக்கை தரும் யோசனை. தேவையான படங்களை மட்டும் எடுத்துவிட்டு, நோயாளியைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறக்கிவிடுவது. ஊசியே போடாமல் டிஃப்யூஷன் படத்தோடு முடிப்பது ஒரு வகை. மருந்தை முன்கூட்டியே ஏற்றிவிட்டு, இருபதாவது நிமிடப் படத்தை மட்டும் எடுப்பது ஒரு வகை. சந்தேகம் வந்தால் மட்டும் முழு ஸ்கேன். இதுவரை வந்த ஆய்வுகளின் தொகுப்பில் கட்டியைப் பிடிக்கும் திறன் 80 சதவிகிதத்துக்கு மேலேயே நிற்கிறது. ஜப்பான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஹெபடைடிஸ் பி, சி-யால் சிரோசிஸ் வந்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. என்பது அங்கே பல ஆண்டுப் பழக்கம். அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் அவ்வளவு தூரம் போவதில்லை. அல்ட்ராசவுண்டில் படம் சரியாக விழாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பக்கம் போகலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் இன்றைய நிலையில் அதுவே நியாயமான எல்லை.

சென்னையின் பங்கும் நம் வீட்டுக் கல்லீரலும்

ஹெபடைடிஸ் பி வைரஸை அடையாளம் காட்டி 1976-ல் நோபல் பெற்ற பாருக் பிளம்பர்க்குக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்தால் இந்த வைரஸ் போகுமா என்று பார்த்தவர் அவர். 1988-ல் 'லான்செட்' இதழில் வந்த அந்தச் சென்னை ஆய்வில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வெவ்வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவது கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், 'காமாலைக்கு வேர் குடித்தாயிற்று' என்ற நிம்மதியில் பல ஆண்டுகளைக் கடத்துபவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

வைரஸை மறித்துக் காட்டியது தடுப்பூசிதான். 1984-ல் தைவான் நாடு தழுவிய திட்டமாகக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே சிறுவர்களின் கல்லீரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் 2002-ல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011-ல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கு முன் பிறந்த தலைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கவசம் இல்லை. 2018-ல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒரு எச்சரிக்கை: ஹெபடைடிஸ் சி மாத்திரையில் அடியோடு குணமாகிவிடும், ஆனால் அதற்குள் சிரோசிஸ் வந்திருந்தால் புற்று ஆபத்து முழுதாகப் போகாது. வைரஸ் போனாலும் ஸ்கேன் தொடர வேண்டும்.

வசதி இங்கே இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் எம்.ஆர்.ஐ. மையங்கள் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் இயங்குகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவையே நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அதற்குக் கை கொடுக்கிறது. ஆனால் கருவியை யாருக்காக ஓட்டுவது என்பதில்தான் நாம் தலைகீழாக நிற்கிறோம். எந்த நோயும் இல்லாத நாற்பது வயதுக்காரர் பிறந்தநாள் பரிசாக 'முழு உடல் எம்.ஆர்.ஐ.' எடுத்துக்கொள்கிறார், ஏதோ ஒரு தீங்கற்ற புள்ளி தெரிந்து, ஒரு வருடம் தூக்கம் கெடுகிறது. பத்து ஆண்டுகளாகச் சிரோசிஸோடு வாழும் ஆட்டோ ஓட்டுநருக்கோ ஐந்து நிமிட அல்ட்ராசவுண்டுகூடத் தேதி தவறாமல் நடப்பதில்லை. வளர்ந்த நாடுகளிலும் இதே லட்சணம்தான். சிரோசிஸ் உள்ளவர்களில் கண்காணிப்பில் இருப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று 2021-ல் வெளியான தொகுப்பு ஆய்வு சொன்னது. அதில் பெரும்பாலானவை அமெரிக்கக் கணக்குகள்.

எம்.ஆர்.ஐ.யா அல்ட்ராசவுண்டா என்ற விவாதம் அந்த ஒருவரைப் பற்றியது. மற்ற மூன்று பேர் எந்தக் கண்காணிப்பிலும் இல்லாதவர்கள். 45 சதவிகிதம் பிடிக்கும் கருவி, ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட எத்தனையோ மேல். அதனால்தான், பெரிய கருவி வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சிரோசிஸ் நோயாளிகளின் பெயர், போன் எண், அடுத்த ஸ்கேன் தேதி எழுதிய பதிவேடு ஒன்று வேண்டும் என்கிறேன். எம்.ஆர்.ஐ. நேரத்தை அதன் பிறகு ஒதுக்கலாம்: அல்ட்ராசவுண்டில் கல்லீரல் சரியாகத் தெரியாதவர்கள், ஏ.எஃப்.பி. ஏறிக்கொண்டே போகிறவர்கள், மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர்கள் என்ற வரிசையில்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சிரோசிஸ் என்று சொல்லியிருந்தால், அல்லது ஹெபடைடிஸ் பி இருந்தால், அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது கண்காணிப்பு தேவையா, அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் கல்லீரல் முழுவதும் தெளிவாகத் தெரிந்ததா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேச அதுதான் நேரம். பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் ஒரே ஃபைலில் வையுங்கள். புதுப் புள்ளி எது, பழைய புள்ளி எது என்று ரேடியாலஜிஸ்ட் ஒப்பிடுவது அவற்றை வைத்துத்தான். ஹெபடைடிஸ் பி இருப்பவரின் மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இந்த வாரமே போடலாம்.